பூசை போட்ட பிறகு உட்கார்ந்து பார்த்த மோட்டார்

நீங்கள் மூன்று பேர் கடைக்குப் புதிதாக விற்பனைக்கு வந்திருக்கிறீர்களாம். மூன்று பேரும், உள்ளே நுழைகிற ஆளின் முகத்தைக்கூடப் பார்க்காமல், ‘இது நூற்றைம்பது சிசி, இதற்கு இரண்டு பக்கமும் டிஸ்க் பிரேக்’ என்று ஒப்பிக்கிறீர்களாம். என் காதுக்கு வந்தது. வீட்டில் சும்மா கிடந்தவள் அதனால்தான் பேனாவை எடுத்தேன்.

சிசியும் பிரேக்கும் கம்பெனிக்காரன் அச்சடித்த தாளில் இருக்கிறது. அதைப் படிக்க நீங்கள் எதற்கு? நான் சொல்லப்போவது அந்தத் தாளில் இல்லாதது. நம் கெடாவின் லூனாசில் இதே கடையில் இருபத்தெட்டு வருஷம் மோட்டார் சைக்கிள் விற்றவள் நான். அதில் இருபத்தோராவது வருஷம் செய்த ஒரு முட்டாள்தனத்தைச் சொல்கிறேன், கேளுங்கள். முதல் வருஷத்தில் செய்திருந்தால் மன்னித்துவிடலாம். இருபத்தோராவது வருஷம்! ஆள் வாசலில் நிற்கிற நிலையைப் பார்த்தே எந்த வண்டி என்று சொல்லிவிடுவேன் என்று பீற்றிக்கொண்டு திரிந்த காலம் அது.

ஒரு நாள் மூன்று பேர் வந்தார்கள். முன்னால் வந்தவர் பெரிய மீசை வைத்த லோரி டிரைவர். அவருக்குப் பின்னால் முழங்காலைப் பிடித்துக்கொண்டு நொண்டி நொண்டி வந்தவர் அவருடைய மைத்துனர் கணேசன். கடைசியாக, கைப்பையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு வந்தவர் கணேசனின் மனைவி, லோரிக்காரரின் தங்கை மல்லிகா. நாற்பத்தெட்டு வயது. என் உயரம்தான், அதாவது அலமாரியின் மேல்தட்டில் இருப்பதை எடுக்க நாற்காலி தேடுகிற உயரம்.

“யாருக்குண்ணே வண்டி?” என்று கேட்டேன். யாரைப் பார்த்துக் கேட்டேன்? மீசையைப் பார்த்து.

“எல்லாம் எங்களுக்குத்தாம்மா. தங்கச்சிக்கு லீடர் வேல கெடச்சிருக்கு. நல்லா கம்பீரமா ஒன்னு காட்டு,” என்றார்.

கடை முழுக்கக் கேட்கும்படி அவர் சொன்ன கதை இது. மல்லிகாவுக்குப் பக்கத்து ஊரான குலிமில் ஒரு கையுறைத் தொழிற்சாலையில் பதினோரு வருஷமாக பேக்கிங் வேலை. இப்போது லைன் லீடராகப் போட்டிருக்கிறார்கள். லீடர் என்றால் காலை ஆறரைக்கே உள்ளே இருக்க வேண்டும். தொழிற்சாலை பஸ் அவர்கள் குடியிருக்கும் தாமானுக்கு வருவதே ஆறே முக்காலுக்கு. ஆகவே சொந்த வண்டி வேண்டும். முதல் நாளே தாமதமாக வந்தால் பதவி அடுத்த ஆளுக்குப் போய்விடும் என்று சூப்பர்வைசர் முகத்துக்கு நேராகவே சொல்லிவிட்டாராம். அந்த அடுத்த ஆள் யார் என்றும் மல்லிகாவுக்குத் தெரியும். பதினோரு வருஷமாக அவருக்குப் பக்கத்து மேசை. மல்லிகா அதற்காகவே பயிற்சிப் பள்ளிக்குப் போய், ஒருமுறை தவறி, இரண்டாம் முறை லைசன் எடுத்திருந்தார்.

இவ்வளவையும் கேட்டுக்கொண்டேன். கேட்டுவிட்டு என்ன செய்தேன்? லோரிக்காரரை ஒவ்வொரு வண்டியாக ஏறி உட்கார வைத்தேன்.

அவர் வாழ்நாளில் மோட்டார் ஓட்டியதே இல்லை. ஆனால் தேர்ந்தெடுப்பதில் அவருக்குக் கொள்கை இருந்தது. “இத பாரும்மா, இருவத்தாறு வருஷமா லோரில ஒசரத்துல உக்காந்து போறவன் நான். ரோட்டுல ஒசரம்தான் பாதுகாப்பு. கீழ உக்காந்தா எவனும் மதிக்க மாட்டான்.”

கணேசனுக்கு வேறு கொள்கை. அவர் பின்சீட்டில் மட்டும் உட்கார்ந்து பார்த்தார். மனைவி ஓட்ட, பின்னால் சாய்ந்துகொண்டு பசாருக்கும் சாப்பாட்டுக் கடைக்கும் போகிற காட்சி அவர் கண்ணில் தெரிந்தது. ஒரு வண்டியின் பின்சீட்டில் கண்ணை மூடிக்கொண்டு நீண்ட நேரம் உட்கார்ந்திருந்தார். தூங்கிவிட்டாரோ என்று தொட்டுப் பார்த்தேன்.

கடைசியில் இரண்டு பேருக்கும் ஒத்துப்போனது, கடையிலேயே உயரமான கறுப்பு வண்டி. முன்னால் பெரிய டேங்க், கைக்கிளட்ச், ஏறுவதற்கே காலைத் தூக்கிச் சுழற்ற வேண்டும். இருபது வயதுப் பையன்கள் ஆசைப்படுகிற ரகம்.

அப்போதுதான் மல்லிகா வாயைத் திறந்தார். “அண்ணே, நான் ஒருவாட்டி உக்காந்து...”

“ஏய், நில்லு நில்லு!” லோரிக்காரர் பாய்ந்து குறுக்கே நின்றார். “ஓட்டப்போறவ பூசைக்கு முன்னாடி ஏறலாமா? சாமி முன்னாடிதான் மொத மொதலா ஏறணும். என்னம்மா, சொல்லு லா!”

“ஆமாம்மா, அதான் முறை,” என்றேன் நான்.

அந்த வாயை இன்றைக்கு நினைத்தாலும் அறையத் தோன்றுகிறது. முறை என்று நம்மில் சில குடும்பங்கள் வைத்திருப்பது உண்மைதான். ஓட்டப்போகிறவர் உட்காரக் கூடாது. ஓட்டவே போகாத அண்ணன் உட்காரலாம், கணவர் தூங்கலாம்! அந்த நியாயம் எனக்கு உறைக்கவில்லை. அதோடு, எந்த வண்டியில் பழகி லைசன் எடுத்தீர்கள் என்றுகூட நான் கேட்கவில்லை. பயிற்சிப் பள்ளியில் அவருக்குக் கொடுத்தது கப்சாய், கைக்கிளட்ச் இல்லாத சின்ன வண்டி. காலால் கியரைத் தட்டினால் போகும். நானும் தினம் ஓட்டுவது அதைத்தான். கேட்டிருந்தால் அந்த நிமிஷமே விஷயம் முடிந்திருக்கும்.

நம்பர் வந்து சேர ஒன்பது நாளாயிற்று. கூட்டினால் எட்டு வரக்கூடாது என்று லோரிக்காரர் கண்டிப்பாகச் சொல்லியிருந்தார். ஆறு வந்தது. சனிக்கிழமை காலை எட்டு மணிக்குப் பூசை. ஒன்பதுக்கு ராகு காலம், அதற்குள் முடிய வேண்டும். திங்கட்கிழமை காலை மல்லிகா வேலையில் இருக்க வேண்டும். நான் வழக்கம்போல் படம் எடுக்கக் கூடவே போனேன். விற்ற வண்டியைக் கோயில் வரைக்கும் கொண்டுபோய் ஒப்படைப்பவள் நான் என்று அதிலும் எனக்குப் பெருமை வேறு.

செம்பனைத் தோட்டத்தை ஒட்டிய முனீஸ்வரர் கோயில். வண்டிக்கு மாலை போட்டு, சந்தனம் வைத்து, பூசாரி சூடம் காட்டி, இரண்டு சக்கரத்துக்கும் முன்னால் எலுமிச்சம்பழம் வைத்தார். மல்லிகா பட்டுப்புடவையில் வந்திருந்தார். படத்துக்கு நன்றாக இருக்கும் என்று நான்தான் சொல்லியிருந்தேன்.

புடவையைச் சுருட்டிப் பிடித்துக்கொண்டு, கணவர் ஒரு பக்கமும் அண்ணன் ஒரு பக்கமும் தூக்கிவிட, ஏறி உட்கார்ந்தார். கால் தரையைத் தேடியது. தரை கிடைக்கவில்லை. வலது காலை நீட்டினார், இல்லை. இடது காலை நீட்டினார், கட்டை விரல் நுனி பட்டது. ஆண்கள் இரண்டு பேரும் கையை விட்டுவிட்டு, படத்துக்காக மீசையையும் சட்டையையும் சரிசெய்துகொண்டு நின்றார்கள்.

“ஸ்டார்ட் பண்ணி, பழத்து மேல ஏத்தும்மா,” என்றார் பூசாரி.

ஏற்றப் பார்த்தார். கைக்கிளட்ச் என்ற ஒன்று இருப்பதே அவருக்கு அப்போதுதான் சொல்லப்பட்டது. பிடித்திருந்த கையைப் பட்டென்று விட்டார். வண்டி ஒரு துள்ளு துள்ளி நின்றது. முன்சக்கரத்து எலுமிச்சம்பழம் நசுங்காமல் தெறித்து ஓடியது. மல்லிகா இடது பக்கம் காலை ஊன்றப் பார்த்தார். விழுந்தார் என்று சொல்ல முடியாது, அவ்வளவு மெதுவாக வண்டி அவரோடு சேர்ந்து படுத்தது. பூசாரி தட்டைத் தூக்கிக்கொண்டு தாவினார்.

முழங்கையில் தோல் உரிந்து, புடவையெல்லாம் செம்மண். நான் ஓடிப்போய் அவரைத் தூக்கினேன். மற்ற எல்லோரும் எதைப் பார்த்தார்கள் தெரியுமா?

“ஐயோ, பழம் நசுங்கலையே!” என்றார் லோரிக்காரர்.

பிறகு ஆரம்பித்தது விசாரணை. கண்ணுபட்டுவிட்டது என்றார் ஒருவர். கறுப்பு வேணாம்னு எனக்கு அப்பவே தோணுச்சு என்றார் கணேசன். லோரிக்காரர் நம்பரை விரல் விட்டு மறுபடி கூட்டினார். மறுபடியும் ஆறுதான் வந்தது. அது அவரை இன்னும் குழப்பியது. கால் எட்டவில்லை என்று ஒருவர் வாயிலும் வரவில்லை.

மல்லிகா கோயில் குழாயில் முழங்கையைக் கழுவிக்கொண்டே, யாரையும் பார்க்காமல் சொன்னார். “வேணாம்ணே. பக்கத்து மேசைக்காரங்களே லீடரா இருக்கட்டும். நான் பழையபடி பஸ்ல போயி பேக்கிங்கே பாத்துக்குறேன்.”

அழவில்லை. சந்தையில் விலை படியாத சாமானைத் திருப்பி வைப்பதுபோல் சொன்னார்.

இப்போது கவனியுங்கள், உங்களுக்கும் இப்படி ஒரு நிமிஷம் வரும். எனக்கு உண்மை தெரியும். சொன்னால் தப்பு கடையின் மேல், அதாவது என் மேல். நம்பர் போட்டு, பூசை போட்டு, கீறலும் விழுந்த வண்டியைத் திருப்பி எடுக்கச் சொல்லி எந்த முகத்தோடு முதலாளியிடம் போவது? சொல்லாமல் விட்டால், இந்த அம்மா ஒன்று வேலையை இழப்பார், அல்லது திங்கட்கிழமை குலிம் ரோட்டில் லோரிகளுக்கு நடுவில் இதேபோல் படுப்பார். இரண்டையும் யோசித்துவிட்டு நான் சொன்னது என்ன?

“பழகிடும்மா.”

விற்கிறவர்கள் எல்லோரும் சொல்கிற பொய் அது. நீங்களும் இந்நேரம் பத்து தடவை சொல்லியிருப்பீர்கள்.

மல்லிகா நிமிர்ந்து என்னைப் பார்த்தார். “அக்கா, நீங்களும் என் ஒசரந்தானே? ஏறிக் காட்டுங்க.”

இருபத்தொரு வருஷம் மோட்டார் விற்றவளிடம்! எனக்குச் சுருக்கென்றது. இதோ பார் என்று ஏறினேன். கால் எட்டவில்லை. பரவாயில்லை, சமாளித்துவிடலாம் என்று நிமிர்த்தினேன். அவர் இடப்பக்கம் விழுந்ததால் நான் கவனமாக வலப்பக்கம் சாய்த்துப் பிடித்தேன். அவ்வளவுதான். வண்டி வலப்பக்கம் படுத்தது, அடியில் நான்.

பூசாரி கேட்டார், “இன்னும் யாராச்சும் ஏறுறீங்களாம்மா? நான் நடை சாத்தணும்.”

மல்லிகாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. வாயைப் பொத்திக்கொண்டு குலுங்கினார். தரையில் கிடந்தபடியே எனக்கும் சிரிப்பு வந்தது, கூடவே வெட்கமும். எழுந்து மண்ணைத் தட்டிவிட்டு எல்லோருக்கும் கேட்கும்படி சொன்னேன்: “நம்பர் மேலயும் தப்பு இல்ல, கலர் மேலயும் தப்பு இல்ல, கண்ணும் படல. வண்டி இந்தம்மாவுக்கு ஒசரம். உக்கார வச்சுப் பாக்காம வித்தது என் தப்பு. கடைக்கு வாங்க.”

“இப்பவா? ராகு காலம் ஆரம்பிச்சிருச்சு!” என்றார் லோரிக்காரர்.

“ராகு வந்து என்னைத் திங்கக்கெழம குலிம்ல எறக்கி விடுமாண்ணே?” என்றார் மல்லிகா. அவர் அண்ணனை எதிர்த்துப் பேசி நான் கேட்டது அதுதான் முதல் தடவை. லோரிக்காரருக்கும் முதல் தடவையாக இருந்திருக்க வேண்டும், முகத்தில் தெரிந்தது.

மல்லிகாவைத் தனியாக அழைத்து, “வீட்டுக்குப் போய் மாத்திக்கிட்டு வாங்க. திங்கக்கெழம எப்படி வேலைக்குப் போவீங்களோ அப்படியே வரணும். சப்பாத்து, பை, மழைக்கோட்டு, சாப்பாடு எல்லாம்,” என்றேன்.

கோயிலில் நின்ற ஒரு பையனை ஓட்டச் சொல்லி, நான் வண்டியோடு கடைக்கு முன்னதாகவே போய்ச் சேர்ந்தேன். நம் பழைய முதலாளி தவுக்கேயை உங்களில் யாரும் பார்த்திருக்க மாட்டீர்கள். இப்போது கடையைப் பார்த்துக்கொள்கிற முதலாளியம்மாவின் அப்பா. அதிகம் பேசாத சீனர், ஆனால் தோட்டத்துப் பிள்ளைகளோடு வளர்ந்ததால் நம்மைவிட நன்றாகத் தமிழில் திட்டுவார். அவர் வண்டியைச் சுற்றி வந்தார்.

“இந்தப் பக்கம் கீறல் யாரு?”

“அந்தம்மா, தவுக்கே.”

“அந்தப் பக்கம்?”

“நான்.”

என்னை மேலும் கீழும் பார்த்தார். “அந்தம்மாவ உக்கார வச்சுப் பாத்தியா?”

“இல்ல. பூசைக்கு முன்னாடி உக்காரக் கூடாதுன்னு...”

“பூசை அவங்க முறை. அவங்க செய்யட்டும். கால் எட்டுதான்னு பாக்குறது யார் முறை?”

திட்டியிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன். அவர் சாவிக்கொத்தை என் கையில் கொடுத்து, “பழசு, புதுசு எல்லாம் தெறந்து விடு. அந்தம்மா எத எடுத்தாலும் மாத்திக் குடு. இந்தக் கறுப்பு இனிமே உன் பொறுப்பு, நீயே வித்துக் குடு,” என்றார். அந்தக் கறுப்பு வண்டி ஐந்து மாதம் என் மேசைக்கு எதிரிலேயே நின்றது. தினமும் அதன் முகத்தில் விழித்தேன்.

மல்லிகா தொழிற்சாலை உடுப்பில் வந்தார். தடித்த சப்பாத்து, தோளில் மழைக்கோட்டு, கையில் மூன்றடுக்குச் சாப்பாட்டுப் பாத்திரம். ஆளே மாறியிருந்தார். பின்னாலேயே இரண்டு ஆண்களும் நுழையப் பார்த்தார்கள். தவுக்கே கண்ணாடிக் கதவை அவர்கள் மூக்குக்கு நேராகச் சாத்தி, “அண்ணே, எதுத்த கடையில தே நல்லா இருக்கும், போய்க் குடிங்க,” என்று கையைக் காட்டினார். அவர்கள் போகவில்லை. கண்ணாடியில் முகத்தை ஒட்டிக்கொண்டு நின்றார்கள்.

உள்ளே நான் வாயே திறக்கவில்லை. அது எவ்வளவு கஷ்டம் என்பது என்னைத் தெரிந்தவர்களுக்குத் தெரியும். மல்லிகா ஒவ்வொன்றாக ஏறினார், இறங்கினார். ஏறி உட்கார்ந்து, பாத்திரத்தை எங்கே வைப்பது என்று பார்த்தார். சிவப்பு வண்டி ஒன்றைத் தடவிக்கொடுத்துவிட்டு, “அழகாத்தான் இருக்கு. ஆனா உருட்ட முடியல,” என்று விட்டுவிட்டார். கடைசியில் மூலையில் நின்ற ஒரு பழைய கப்சாய்க்குப் போனார். வெளிறிய பச்சை நிறம், முன்னால் பெரிய கூடை. ஏறினார். இரண்டு சப்பாத்தும் தரையில் முழுசாகப் படிந்தன. பின்னுக்குத் தள்ளினார், முன்னுக்குத் தள்ளினார், இறங்கி ஸ்டாண்டு போட்டார், எடுத்தார். மூன்று தடவை.

“அக்கா, இது நான் சொன்னா கேக்குது.”

வெளியே கண்ணாடியில் தட்டுகிற சத்தம். லோரிக்காரர் அந்தப் பழைய வண்டியின் நம்பரைக் கூட்டிவிட்டார். இரண்டு கையிலும் எட்டு விரலை விரித்துக் கண்ணாடியில் அழுத்திக்கொண்டு, கண் பிதுங்க நின்றார்.

“அண்ணன் என்ன சொல்றாரு?” என்று கேட்டார் மல்லிகா.

“கூட்டினா எட்டு வருதாம்.”

கொஞ்சம் யோசித்தார். “சொல்லட்டும்,” என்று சாப்பாட்டுப் பாத்திரத்தைக் கூடைக்குள் வைத்தார். “பாருங்க, ஆடாம நிக்குது.”

வெள்ளியும் சனியும் விடுமுறையான நம் கெடாவில் ஞாயிற்றுக்கிழமை அரசாங்க அலுவலகம் திறந்திருக்கும் என்பதற்காக நான் சந்தோஷப்பட்டது வாழ்க்கையில் அந்த ஒரு நாள்தான். காலையிலேயே பெயர் மாற்றும் வேலையை முடித்தோம். சாயங்காலம் வரைக்கும் பள்ளித் திடலில் ஓட்டினார். கியர் மாற்றும்போதெல்லாம் உதடு அசைந்தது. அதை எண்ணுகிறார் என்று நினைத்தேன். பக்கத்தில் போய்க் கேட்டால், பழக்கிக்கொடுத்த வாத்தியாரைத் திட்டிக்கொண்டிருந்தார்.

திங்கட்கிழமை காலை ஆறு மணிக்கு நான் அந்தத் தொழிற்சாலை கேட்டுக்கு எதிரில் என் கப்சாயை நிறுத்திவிட்டு நின்றேன். யாரும் வரச் சொல்லவில்லை. வீட்டில் இருக்க முடியவில்லை. இன்னும் வெளிச்சம் சரியாக வரவில்லை. மோட்டார்கள் கூட்டமாக வந்து கேட்டுக்குள் நுழைந்தன. ஆறு இருபது. காணவில்லை. ஆறு இருபத்து மூன்று. காணவில்லை. பக்கத்து மேசைக்காரி என்று நான் சந்தேகப்பட்ட ஒரு அம்மா கேட்டருகே நின்று, உள்ளேயும் போகாமல், கடிகாரத்தையும் ரோட்டையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டிருந்தார். விழுந்துவிட்டாரோ? அவருக்கு நான் விற்ற இரண்டாவது வண்டியும் கைவிட்டதோ?

அப்போது தூரத்தில் ஹாரன் சத்தம். ஒன்றல்ல, பத்துப் பதினைந்து வண்டிகளின் சத்தம். வளைவில் முதலில் ஒரு சின்ன வெளிச்சம் தெரிந்தது. மல்லிகா. ஓட்டப்பந்தயத்தில் தோற்கிற வேகம், முதுகு நேராக, இடப்பக்க சிக்னல் எந்தச் சந்திப்பிலிருந்து மின்னிக்கொண்டு வந்ததோ தெரியாது. அவருக்குப் பின்னால், நாலு மூலை விளக்கும் மின்ன, ரோட்டையே அடைத்துக்கொண்டு அண்ணனின் லோரி. முன்சீட்டில் கணேசன். அந்த லோரிக்குப் பின்னால் குலிமுக்கு வேலைக்குப் போகிற பாதிக் கூட்டம், கண்டபடி ஹாரன் அடித்துக்கொண்டு. மல்லிகா ஒருமுறைகூடத் திரும்பிப் பார்க்கவில்லை.

ஆறு இருபத்தெட்டுக்கு கேட்டுக்கு முன்னால் நின்றார். இரண்டு காலையும் ஊன்றினார். எனக்குக் கண் கலங்கிவிட்டது, அதைச் சொல்ல எனக்கு வெட்கம் இல்லை.

லோரிக்காரர் ஜன்னல் வழியாகப் பாதி உடம்பை நீட்டினார். “சாயங்காலம் எத்தன மணிக்கும்மா? நாங்க வந்து பின்னாலயே நிக்கிறோம்.”

மல்லிகா ஹெல்மெட் கண்ணாடியைத் தூக்கினார்.

“வேணாம்ணே. எனக்கு வழி தெரியும்.”